ஆபீஸ் எக்ஸ்டென்ஷனை செல்போனில் பாதுகாப்பாக எடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர் பக்கத்துச் சிறு அலுவலகங்களுக்கு இன்டர்காமும் ஐபி போனும் அமைத்துக் கொடுப்பது என் தொழில். ஐந்து எக்ஸ்டென்ஷன் உள்ள ஆடிட்டர் ஆபீஸ் முதல் நாற்பது எக்ஸ்டென்ஷன் உள்ள பனியன் கம்பெனி வரை எல்லோரும் இப்போது கேட்பது ஒன்றுதான்: “ஆபீஸ் நம்பருக்கு வரும் போனை நான் எங்கே இருந்தாலும் என் செல்லில் எடுக்கணும்.” தாராளமாகச் செய்யலாம். தப்பாகச் செய்தால் ஒரே ராத்திரியில் பெரிய பில் வந்து நிற்கும். என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளும் நான் சொல்லிவரும் பதில்களும் கீழே. உதாரணங்கள் ஆஸ்டெரிஸ்க், அதன் மேல் ஓடும் ஃப்ரீபிபிஎக்ஸ் இரண்டையும் வைத்தே இருக்கும். நான் அதிகம் கையாள்வது அவற்றைத்தான். பிபிஎக்ஸ் என்பது ஆபீஸ் அழைப்புகளை எக்ஸ்டென்ஷன்களுக்குப் பிரித்துவிடும் இணைப்பகம்; வேறு பிபிஎக்ஸ் வைத்திருந்தாலும் மெனுவில் பெயர்கள் மாறுமே தவிர விஷயம் மாறாது.

கால் ஃபார்வர்டு போட்டால் போதாதா? எதற்கு இத்தனை ஏற்பாடு?

ஒரே ஆள் நடத்தும் கடை என்றால் ஃபார்வர்டே போதும். நான்கைந்து பேர் ஆன பிறகுதான் அதன் குறை தெரியும். உள்ளே வந்த அழைப்பை மறுபடி வெளியே அனுப்புவதால் ஓர் அழைப்புக்கு இரண்டு லைன் போய்விடும். நான்கு லைன் உள்ள ஆபீஸில் இரண்டு பேர் இப்படிப் பேசினாலே அடுத்து அழைப்பவருக்கு ‘பிஸி’ கேட்கும். எடுத்த அழைப்பைக் கணக்குப் பிரிவுக்கு மாற்றிவிட முடியாது. திருப்பி அழைத்தால் உங்கள் சொந்த நம்பர் வாடிக்கையாளருக்குப் போய்விடும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கும் அவர் அதில்தான் கூப்பிடுவார்.

செல்லில் ஒரு செயலியைப் போட்டு அதையே எக்ஸ்டென்ஷனாக இணைத்துவிட்டால் இந்தத் தொல்லைகள் தீரும். 204 என்று அழுத்தினால் பில்லிங் மேசையில் மணி அடிக்கும். வெளியே அழைத்தால் ஆபீஸ் நம்பர்தான் தெரியும்.

எங்களிடம் இருப்பது பழைய இபிஏபிஎக்ஸ் பெட்டி. அதைத் தூக்கிப் போட வேண்டுமா?

வேண்டாம். அந்தப் பெட்டியின் நான்கு எக்ஸ்டென்ஷன் கம்பிகளை ஒரு எஃப்எக்ஸ்ஓ கேட்வேயில் (பழைய தொலைபேசிக் கம்பியை ஐபி போன் அமைப்போடு சேர்க்கும் பெட்டி) செருகி, கேட்வேயை ஆஸ்டெரிஸ்க் ஓடும் சின்ன கம்ப்யூட்டரோடு இணைத்துவிடலாம். நான்கு கம்பி என்றால் ஒரே நேரத்தில் நான்கு பேர் வெளியிலிருந்து பேசலாம். குரலில் லேசாக எதிரொலி வரும். கேட்வேயில் எதிரொலி நீக்கத்தைச் சரியாக வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ரவுட்டரில் 5060 போர்ட்டைத் திறந்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்கிறார்களே?

முடிந்துவிடும், உண்மைதான். போர்ட் என்பது இணையத்துக்குத் திறக்கும் ஒரு கதவு; 5060 ஐபி போன்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கதவு. இந்தப் பக்கத்தை எழுதவே காரணம் அந்த ஐந்து நிமிட வேலைதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை ஓர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். வெளியே ஒரு அழைப்பும் போகவில்லை, எல்லா லைனும் பிஸி. அவர்களிடம் இருந்தது முப்பது சேனல் உள்ள, அதாவது ஒரே நேரத்தில் முப்பது அழைப்பு போகக்கூடிய பிஆர்ஐ லைன். காலை எட்டரை மணிக்கு முப்பதும் நிரம்ப வாய்ப்பே இல்லை. அழைப்புப் பதிவைத் திறந்து பார்த்தேன். ஞாயிறு அதிகாலை 2.10-லிருந்து 105 என்ற எக்ஸ்டென்ஷன் விடாமல் வெளிநாட்டு எண்களுக்கு அழைத்துக்கொண்டே இருக்கிறது. ‘105 எங்கே இருக்கிறது?’ என்று கேட்டேன். ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு போன். ரிசீவர் மேல் விரல் வைத்தால் கோடு விழும் அளவுக்குத் தூசி. மாதக்கணக்கில் யாரும் தொடாத அந்த போன் பெயரில்தான் முப்பது மணி நேரமாக அழைப்பு போயிருக்கிறது. பாஸ்வேர்டு என்ன தெரியுமா? 105. முதலாளி வீட்டிலிருந்து பேசுவதற்காக யாரோ 5060-ஐத் திறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வந்த பில்லை அவர்கள் தவணை முறையில் கட்டினார்கள்.

நடப்பது இதுதான். ஐபி போன்கள் பேசும் எஸ்ஐபி நெறிமுறைக்குப் பெயரும் பாஸ்வேர்டும் சரியாக இருந்தால் போதும்; ஆள் உகாண்டாவில் இருக்கிறானா உக்கடத்தில் இருக்கிறானா என்று அது பார்க்காது. இணையம் முழுக்க ஐபி எண்களை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. பாதுகாப்புச் சோதனைக்காக எழுதப்பட்ட சிப்விசியஸ் என்ற கருவியைத்தான் பலர் இதற்குத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். பதிவில் ‘ஃப்ரெண்ட்லி ஸ்கேனர்’ என்ற பெயரைப் பார்த்தால் அதுதான் வந்து போயிருக்கிறது. முதலில் பிபிஎக்ஸ் இருக்கிறதா என்று கேட்கும். பதில் வந்தால் 100, 101, 102 என்று எக்ஸ்டென்ஷன்களைத் தேடும். பிறகு பாஸ்வேர்டு. உள்ளே நுழைந்தவுடன் நிமிடக் கட்டணம் அதிகமுள்ள வெளிநாட்டு எண்களுக்கு அழைக்கும். அந்த எண்களுக்குப் போகும் கட்டணத்தில் ஒரு பங்கு திருடனுக்குத் திரும்பி வரும். அவன் வருமானமே அது. சனி இரவும் பண்டிகை விடுமுறையும் அவனுக்கு வசதி, ஏனென்றால் நீங்கள் பார்க்க மாட்டீர்கள். தீபாவளிக்கு நான்கு நாள் பூட்டிக் கிடக்கும் ஆபீஸை நினைத்துப் பாருங்கள்.

5060-க்குப் பதில் வேறு எண் வைத்தால்?

தட்டுகிறவர்கள் எண்ணிக்கை குறையும். கதவு திறந்தேதான் இருக்கும். ஃபெயில்2பேன் போட்டிருக்கிறோம் என்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: பத்து முறை தப்பாக முயன்ற ஐபியை அது தடுக்கும், நல்ல கருவி, நானும் போடுகிறேன். ஆனால் ஆயிரம் வெவ்வேறு ஐபியிலிருந்து ஆளுக்கு ஒருமுறை தட்டினால் அது என்ன செய்யும்?

அப்படியானால் எந்த வழி சரி?

மூன்று வழி உண்டு. இருபது முப்பது பேருக்குள் என்றால் வி.பி.என். செல்லிலிருந்து ஆபீஸுக்கு ஒரு பூட்டிய குழாய். பிபிஎக்ஸ் அந்தக் குழாய்க்குள் இருப்பவர்களோடு மட்டும் பேசும். என் கை பழகியது வயர்கார்டு என்ற வி.பி.என் மென்பொருள். 2020-ல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் 5.6-லேயே சேர்ந்துவிட்டதால் தனியாக எதையும் ஒட்டவைக்க வேண்டியதில்லை. அதில் எனக்குப் பிடித்த குணம் ஒன்று: சரியான சாவி இல்லாமல் தட்டினால் அது பதிலே தராது. ‘இல்லை’ என்றுகூடச் சொல்லாது. ஸ்கேன் செய்பவனுக்கு அங்கே ஏதோ இருக்கிறது என்பதே தெரியாது.

ஆட்கள் அதிகம், ஒவ்வொரு போனிலும் வி.பி.என் போடுவது நடக்காத காரியம் என்றால் பிபிஎக்ஸுக்கு முன்னால் ஓர் எஸ்பிசி, அதாவது எல்லைக் காவலாளி போன்ற ஒரு சர்வர். வெளியுலகம் அதோடு மட்டும் டி.எல்.எஸ் என்ற மறைகுறியாக்கத்தில் பேசும், பிபிஎக்ஸ் பின்னால் மறைந்திருக்கும். மூன்றாவது, பிபிஎக்ஸ் தயாரித்த நிறுவனமே தரும் ரிலே சேவை. மாதச் சந்தா உண்டு. ஆபீஸில் கணினி தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் அந்தச் சந்தா கொடுப்பதில் தவறே இல்லை.

வயர்கார்டை எப்படி அமைப்பது?

ஆஸ்டெரிஸ்க் ஓடும் பெட்டியிலேயே போடலாம், தனி ரவுட்டரிலும் போடலாம். பல ரவுட்டர்களில் இப்போது அந்த வசதி உண்டு. ரவுட்டரில் வெளியே திறக்க வேண்டியது ஒரே ஒரு யு.டி.பி போர்ட், வழக்கமாக 51820. 5060-ஓ, குரல் போகும் 10000 முதல் 20000 வரையிலான போர்ட்களோ ரவுட்டரில் திறந்திருந்தால் இன்றே மூடுங்கள். லைன் கொடுத்த நிறுவனத்துக்கு அவை தேவைப்பட்டால் அவர்கள் ஐபிக்கு மட்டும் விடுங்கள்.

ஆள் ஒருவருக்கு, போன் ஒன்றுக்கு, தனிச் சாவி. எல்லோருக்கும் ஒரே சாவியைப் பகிர்ந்துவிட்டால் ஒருவர் போன் தொலைந்தாலும் எல்லோருடையதையும் மாற்ற வேண்டிவரும். சாவியை க்யூஆர் கோடாக ஆபீஸ் திரையில் காட்டி, அவர் எதிரில் நின்று ஸ்கேன் செய்ய வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், அந்தப் படம் கேலரியிலும் பேக்கப்பிலும் காலத்துக்கும் கிடக்கும்.

செல் பக்கத்து அமைப்பில் ‘அனுமதிக்கப்பட்ட ஐபி’ என்ற கட்டத்தில் பிபிஎக்ஸின் முகவரியை மட்டும், உதாரணமாக 10.77.0.1/32 என்று போடுங்கள். அங்கே 0.0.0.0/0 என்று விட்டால் அவர் பார்க்கும் யூடியூப் உட்பட எல்லாமே உங்கள் ஆபீஸ் இணைப்பு வழியாகச் சுற்றிவரும். ‘கீப்அலைவ்’ 25 வினாடி. இது இல்லாவிட்டால் மொபைல் நெட்வொர்க் சும்மா இருக்கும் இணைப்பைக் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். வெளியே போகும் அழைப்பு சரியாகப் போகும், உள்ளே வருவது மட்டும் வராது.

இன்னொன்றையும் அனுபவத்தில் சொல்கிறேன். ஆபீஸ் நெட்வொர்க் 192.168.1 என்று இருக்கும். வீட்டு ரவுட்டரும் பெரும்பாலும் அதே 192.168.1 அல்லது 192.168.0. இரண்டும் ஒன்றாக இருந்தால் போன் எந்த வீட்டுக்குப் போவது என்று குழம்பும். மொபைல் டேட்டாவில் வேலை செய்யும், வீட்டு வைஃபையில் செய்யாது; காரணம் தெரியாமல் நாள் முழுக்கத் தேடுவீர்கள். வி.பி.என்னுக்கு 10.77 போல யாரும் வைக்காத ஒரு வரிசையை எடுத்து, செயலியில் பிபிஎக்ஸ் முகவரியாக அதையே கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஆஸ்டெரிஸ்க்குள் போய், வி.பி.என் வரிசையை ‘உள் நெட்வொர்க்’ பட்டியலில் சேர்க்க வேண்டும். மறந்தால் அது செல்லுக்குத் தன் வெளி ஐபியைச் சொல்லும். மணி அடிக்கும், எடுத்தால் ஒரு பக்கம் மௌனம். ஒவ்வொரு மொபைல் எக்ஸ்டென்ஷனிலும் ‘இந்த வரிசையிலிருந்து மட்டும் பதிவு செய்யலாம்’ என்ற கட்டுப்பாட்டையும் போட்டுவிடுங்கள். நாளை யாராவது தெரியாமல் 5060-ஐத் திறந்தாலும் அது காக்கும்.

எங்கள் பிராட்பேண்டில் நிலையான ஐபி கிடையாது. செய்ய முடியாதா?

முதலில் ரவுட்டருக்குள் போய் வெளிப்பக்க ஐபி என்னவென்று பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால், நீங்கள் பல வாடிக்கையாளர்களோடு ஓர் ஐபியைப் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். அடுக்குமாடியில் ஒரே கதவு எண்ணுக்குக் கடிதம் வருவது போல. வெளியிலிருந்து வருவது உங்கள் வீட்டுக்கென்று வந்து சேராது. டைனமிக் டிஎன்எஸ் (மாறும் ஐபியை ஒரே பெயரில் கண்டுபிடிக்க உதவும் சேவை) போட்டும் பயன் இல்லை. மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டி நிலையான ஐபி வாங்குவது சுலபமான வழி. கிடைக்காத ஊரில், இந்தியாவுக்குள்ளேயே இருக்கும் ஒரு சின்ன வாடகை சர்வரை எடுத்து வயர்கார்டு மையமாக வையுங்கள். ஆபீஸும் செல்லும் அங்கே வந்து சந்தித்துக்கொள்ளும். விலை மலிவு என்று ஐரோப்பாவில் சர்வர் எடுக்காதீர்கள். குரல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக 150 மில்லிவினாடிக்குள் இருந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும். அதைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் ‘ஹலோ’ சொல்லி மோதிக்கொள்வார்கள்.

ஐபி நிலையாக இல்லாமல் மாறிக்கொண்டிருக்கிறது, ஆனால் பகிரப்படாத ஐபிதான் என்றால் டைனமிக் டிஎன்எஸ் போதும்.

வி.பி.என் இருந்தால் டி.எல்.எஸ், எஸ்.ஆர்.டி.பி எல்லாம் வேண்டுமா?

கட்டாயம் இல்லை, குழாய்க்குள் போகும் அனைத்தும் ஏற்கனவே மறைக்கப்பட்டதே. வி.பி.என் இல்லாமல் எஸ்பிசி வழி போகிறவர்களுக்கு இரண்டும் கட்டாயம், சேர்ந்தே கட்டாயம். யார் யாரை அழைக்கிறார் என்ற செய்தியை மறைப்பது டி.எல்.எஸ், வழக்கமான போர்ட் 5061. பேசும் குரலை மறைப்பது எஸ்.ஆர்.டி.பி. பல அமைப்புகளில் குரலைத் திறக்கும் சாவி அந்த முதல் செய்திக்குள்ளேயே போகிறது. டி.எல்.எஸ் இல்லாமல் எஸ்.ஆர்.டி.பி மட்டும் போடுவது பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதுதான்.

டி.எல்.எஸ்-க்காகச் சர்வர் காட்டும் சான்றிதழ் முறையானதாக இருக்கட்டும். லெட்ஸ் என்க்ரிப்ட் தருவது இலவசம். ஆயுள் 90 நாள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், ஆனால் புதிய சான்றிதழைப் பிபிஎக்ஸ் மறுபடி படிக்கவும் ஏற்பாடு செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் காலையில் எல்லாச் செல்லும் ஒன்றாக இணைப்பிழக்கும். செயலியில் ‘எந்தச் சான்றிதழையும் ஏற்றுக்கொள்’ என்ற கட்டம் இருந்தால் டிக் செய்யாதீர்கள்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: இவையெல்லாம் செல்லுக்கும் ஆபீஸுக்கும் இடையே மட்டும். ஆபீஸிலிருந்து வாடிக்கையாளர் வரை அழைப்பு சாதாரண தொலைபேசிப் பாதையில்தான் போகிறது.

எல்லாம் சரி, ஸ்கிரீன் அணைந்தால் மணி அடிக்கவே இல்லையே?

அதிகம் வரும் புகார் இது. பாதிப் பேர் இங்கேதான் வெறுத்துப்போய் பழைய ஃபார்வர்டுக்குத் திரும்புகிறார்கள். பொறுமையாகப் படியுங்கள்.

ஆண்ட்ராய்டு 6 முதலே, போன் அசையாமல் கிடந்தால் செயலிகளைத் தூங்கவைக்கும் பழக்கம் உண்டு. ரெட்மி, விவோ, ஓப்போ போன்றவை அதற்கு மேலும் தங்கள் சொந்த பேட்டரி மிச்சப்படுத்தும் ஏற்பாடுகளை வைத்திருக்கின்றன. போன் செயலி, வயர்கார்டு செயலி இரண்டுக்கும் பேட்டரி அமைப்பில் ‘கட்டுப்பாடு இல்லை’ என்று வையுங்கள். ‘ஆட்டோ ஸ்டார்ட்’ இருந்தால் இரண்டுக்கும் ஆன் செய்யுங்கள். வி.பி.என் அமைப்பில் ‘எப்போதும் ஆன்’ என்று ஒன்று இருக்கும், அதையும். பிறகு போனை மேசையில் வைத்து ஒரு மணி நேரம் தொடாமல் விட்டு, அதற்குப் பிறகு அழைத்துப் பாருங்கள். அமைத்தவுடன் அழைத்துப் பார்த்து ‘நல்லா வேலை செய்யுது’ என்று கிளம்பிவிடக் கூடாது. நானே அப்படிக் கிளம்பி, பல்லடம் தாண்டுவதற்குள் திரும்ப அழைக்கப்பட்டிருக்கிறேன்.

ஐபோன் வேறு கதை. பின்னணியில் செயலி எப்போதும் விழித்திருக்க ஆப்பிள் விடாது. அழைப்பு வந்தால் ஆப்பிளின் புஷ் சேவை வழியாக ஒரு தட்டு வரவேண்டும். 2019-ல் வந்த ஐஓஎஸ் 13 முதல், அப்படித் தட்டு வந்தவுடன் செயலி அழைப்பைத் திரையில் காட்டியே ஆகவேண்டும். ஆகவே ஐபோனுக்குப் புஷ் அனுப்பத் தெரிந்த பிபிஎக்ஸும் அதற்கேற்ற செயலியும் தேவை. எழுந்த செயலி வி.பி.என்னுக்குள் நுழைந்து பதிவு செய்துகொள்ள சில வினாடி எடுக்கும். மணி அடிக்கும் நேரத்தை 15 வினாடி என்று வைத்திருந்தால் பாதி போய்விடும், 30 வையுங்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சில செயலிகள் புஷ் வசதி தருவதற்காக, உங்கள் எக்ஸ்டென்ஷன் பாஸ்வேர்டைத் தங்கள் சர்வரில் வைத்துக்கொண்டு, போனுக்குப் பதில் தாங்களே ஆபீஸில் பதிவு செய்துகொள்கின்றன. உங்கள் பிபிஎக்ஸ் வி.பி.என்னுக்குள் இருந்தால் அந்த சர்வரால் உள்ளே வரமுடியாது, புஷ் வேலை செய்யாது. அதைச் சரிசெய்வதற்காகப் போர்ட்டைத் திறக்காதீர்கள். எந்த முறையில் புஷ் வருகிறது என்று செயலி வாங்கும் முன்பே படித்துப் பாருங்கள்.

சரியாக அரை நிமிடத்தில் அழைப்பு அறுந்துவிடுகிறது.

கடிகாரம் வைத்துப் பாருங்கள், 32 வினாடி இருக்கும். நீங்கள் எடுத்ததற்கான ஒப்புகைச் செய்தி திரும்பிப் போய்ச் சேரவில்லை. அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு பிபிஎக்ஸ் வெட்டிவிடுகிறது. முதல் சந்தேகம் ரவுட்டரில் இருக்கும் ‘எஸ்ஐபி ஏஎல்ஜி’ மேல். உதவி செய்வதாக நினைத்துச் செய்திகளைக் குறுக்கே திருத்தும் வசதி அது. அணைத்துவிடுங்கள். வி.பி.என்னுக்குள் போனால் ரவுட்டரால் உள்ளே பார்க்கவே முடியாது என்பதால் இந்தப் பிரச்சினை வராது.

டேட்டா எவ்வளவு போகும்?

ஜி.711 என்ற பழைய கோடெக்கில் (குரலைத் தரவாக மாற்றும் முறை) ஒரு பக்கத்துக்கு வினாடிக்கு 80 கிலோபிட். ஒரு மணி நேரம் பேசினால் இரு பக்கமும் சேர்த்து 72 எம்பி, வி.பி.என் சுமை அதற்கு மேல் கொஞ்சம். ஓபஸ் என்ற கோடெக்கை வைத்தால் பாதிக்கும் கீழே கொண்டுவரலாம், சிக்னல் தடுமாறும் இடத்திலும் தாங்கும். செல்லுக்கு ஓபஸ், மேசை போனுக்கு ஜி.711 என்று வைப்பது என் வழக்கம். வைஃபையிலிருந்து இறங்கி மொபைல் டேட்டாவுக்குப் போகும்போதும் வயர்கார்டு இணைப்பை விடாது; ஒரு கணம் குரல் விழுங்கும், பேச்சு தொடரும். ஈரோடு போகும் ரயிலில் டவர் இல்லாத இடத்தில் எதுவும் உதவாது.

பாஸ்வேர்டு, ஐஎஸ்டி விஷயத்தில் என்ன செய்யலாம்?

மேசை போனுக்கும் செல்லுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷனைக் கொடுக்காதீர்கள். மேசையில் 204 என்றால் செல்லுக்கு 9204. இரண்டும் சேர்ந்து அடிக்கும்படி ஒரு குழு. செல் தொலைந்தால் 9204-ஐ மட்டும் அழித்துவிடலாம். பாஸ்வேர்டை ஃப்ரீபிபிஎக்ஸ் தானாக உருவாக்கித் தரும் நீளமான குப்பை எழுத்துகளாகவே விடுங்கள். யாரும் அதை மனப்பாடம் செய்யப்போவதில்லை, செயலி ஒருமுறை வாங்கிக்கொள்ளும்.

ஐஎஸ்டி தேவையில்லாத ஆபீஸ் என்றால், பிபிஎக்ஸில் மூடுவதோடு நிற்காமல் லைன் கொடுத்த நிறுவனத்திடமே எழுதிக்கொடுத்து மூடிவிடுங்கள். பிபிஎக்ஸை உடைத்தவன்கூட அந்தப் பூட்டைத் திறக்க முடியாது. ஏற்றுமதி ஆபீஸ் என்றால் எந்தெந்த நாடுகள் என்று பட்டியல் போட்டு அவற்றை மட்டும் திறந்துவிட்டு, மொபைல் எக்ஸ்டென்ஷனுக்கு ஒரே நேரத்தில் இரண்டு அழைப்புக்கு மேல் போகாதபடி கட்டுங்கள். அந்த ஸ்டோர் ரூம் போனுக்கு இந்த ஒரு கட்டுப்பாடு இருந்திருந்தால் முப்பது சேனலும் ஓடியிருக்காது.

ஒருவர் வேலையை விட்டுப் போனால், அல்லது போன் தொலைந்தால்?

செய்ய வேண்டியது: வயர்கார்டில் அவர் சாவியை நீக்குவது, மொபைல் எக்ஸ்டென்ஷனை அழிப்பது, வாய்ஸ்மெயில் பின்னை மாற்றுவது, பிபிஎக்ஸ் நிர்வாகப் பக்கத்துக்குள் போகும் உரிமை இருந்திருந்தால் அதையும் எடுப்பது. பத்து நிமிட வேலை.

இதைச் செய்ய ஒரு ஆள் பெயர் சொல்லி நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். நான் பார்த்த ஓர் ஆபீஸில் விற்பனைப் பையன் வேலையை விட்டு நான்கு மாதமாகியும் அவன் செல்லில் ஆபீஸ் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் மேல் தப்பில்லை; இரண்டு முறை கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறான், ‘அண்ணே, எனக்கு இன்னும் உங்க கால் வருது’ என்று. கேட்டவர்களுக்கு எங்கே அணைப்பது என்று தெரியவில்லை. ஐடி கார்டும் சிம்மும் திரும்ப வாங்கும் அந்தக் காகிதத்திலேயே ‘மொபைல் எக்ஸ்டென்ஷன் நீக்கப்பட்டது’ என்று ஒரு வரி சேருங்கள். எந்தச் சாவி யாருடையது என்பதையும் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் பதினெட்டுச் சாவிகளில் எது அவருடையது என்று தெரியாமல் நிற்பீர்கள்.

என் சொந்த போனில் போட்டால் ஆபீஸ்காரர்கள் என் வாட்ஸ்அப்பைப் பார்க்க முடியுமா?

பணியாளர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது. நியாயமான கேள்வி. மேலே சொன்னபடி பிபிஎக்ஸ் முகவரியை மட்டும் குழாய்க்குள் விட்டிருந்தால் உங்கள் வேறு எதுவும் ஆபீஸ் வழியாகப் போவதில்லை. வயர்கார்டு செயலியைத் திறந்து ‘அனுமதிக்கப்பட்ட ஐபி’ வரியை நீங்களே பார்க்கலாம், அங்கே 0.0.0.0/0 என்று இருந்தால் கேளுங்கள். தொடர்பு எண்களைப் படிக்கும் அனுமதியைச் செயலிக்குத் தரவேண்டிய கட்டாயம் இல்லை. முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை: மாலை ஏழு மணிக்கு மேல் மொபைல் எக்ஸ்டென்ஷன்கள் அடிக்காதபடி நேர விதியைப் பிபிஎக்ஸிலேயே போடுங்கள். ஆள் ஓய்வெடுத்தால்தான் மறுநாள் ஒழுங்காகப் போன் எடுப்பார்.

துபாய் போகும்போது அங்கிருந்தும் பேசலாமா?

இங்கே சட்டம் குறுக்கே வரும். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரும் குரலை இங்குள்ள லைனில் ஏற்றி உள்ளூர் அழைப்பாக மாற்றுவது இந்தியாவில் உரிமம் இல்லாதவர்களுக்குத் தடைசெய்யப்பட்டது. அமீரகத்திலும் இணையவழிக் குரல் அழைப்புக்குக் கட்டுப்பாடு உண்டு, வி.பி.என் போட்டு அதைச் சுற்றிப் போவது அங்கே குற்றமாகலாம். ஆகவே வெளிநாடு போகிறவருக்கு வெளி லைனை மூடிவிடுகிறேன். அவர் மின்னஞ்சலில் வாய்ஸ்மெயில் கேட்டுக்கொள்ளட்டும். கால் சென்டர்களுக்கு 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் வந்த தளர்வுகளைப் பார்த்துவிட்டு எல்லாம் எல்லோருக்கும் திறந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். உள்நாட்டுப் பயன்பாட்டுக்கும், வெளியிலிருந்து எக்ஸ்டென்ஷன் இயக்க உங்கள் லைன் ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.

ஆபத்து நேரத்தில் 108, 112-ஐ இந்தச் செயலியில் அழைக்கலாமா?

வேண்டாம். அழைப்பு ஆபீஸ் லைனில் போவதால் ஆபீஸ் முகவரிதான் தெரியும். செல்லின் சொந்த டயலரில் அழையுங்கள். பணியாளர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

பெரிய நிறுவனத்தின் செயலி என்றால் நம்பலாம்தானே?

நம்பலாம், கண்ணைத் திறந்துகொண்டு. 2023 மார்ச்சில், பிபிஎக்ஸ் மென்பொருள் தயாரிக்கும் 3சிஎக்ஸ் நிறுவனத்தின் கணினிச் செயலியிலேயே நச்சு நிரல் புகுந்து, அதிகாரப்பூர்வ அப்டேட்டாகவே வாடிக்கையாளர்களுக்குப் போனது. அந்நிறுவன ஊழியர் ஒருவர் தன் கணினியில் போட்டிருந்த, ஏற்கனவே நச்சு கலந்த வேறொரு நிறுவனத்தின் மென்பொருள் வழியாக அது நுழைந்ததாகக் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான மேண்டியன்டின் ஆய்வில் தெரியவந்தது. அப்டேட் போடாதீர்கள் என்று இதற்கு அர்த்தம் கொள்ள வேண்டாம். செல் எக்ஸ்டென்ஷன்கள் பிபிஎக்ஸைத் தவிர ஆபீஸில் வேறு எதையும், டேலி ஓடும் கணினியையோ கேமரா பெட்டியையோ, தொட முடியாதபடி வயர்கார்டு பக்கம் ஃபயர்வால் போட்டு வையுங்கள். ஏதாவது நுழைந்தாலும் அங்கேயே நிற்கும்.

உள்ளே யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று தெரிந்தால் முதலில் என்ன செய்வது?

இணைய கேபிளைப் பிடுங்குங்கள். பிஆர்ஐ லைன் என்றால் அதையும். பெட்டியை அணைக்காதீர்கள், பதிவுகள் வேண்டும். லைன் நிறுவனத்தை உடனே அழைத்து வெளிநாட்டு அழைப்பை நிறுத்தச் சொல்லுங்கள், புகார் எண் வாங்குங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவின்படி இப்படிப்பட்ட ஊடுருவலை 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். ஃப்ரீபிபிஎக்ஸில் பதிவுகள் எத்தனை நாளில் அழிகின்றன என்று இன்றே பாருங்கள். பல இடங்களில் ஒரு வாரத்துக்கு மேல் இருப்பதில்லை.

எல்லாம் அமைத்த பிறகு சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

ஆபீஸுக்கு வெளியே, தெருமுனை டீக்கடைக்குப் போங்கள். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் இருங்கள். வி.பி.என் அணைந்த நிலையில் செயலியைத் திறந்தால் அது இணையக் கூடாது. இணைந்தால் எங்கோ ஒரு போர்ட் திறந்திருக்கிறது, திரும்பிப் போய்த் தேடுங்கள். வி.பி.என்னைப் போட்டு 204-ஐ அழையுங்கள், இரண்டு பக்கமும் குரல் கேட்கிறதா என்று ஒரு நிமிடமாவது பேசுங்கள். ஐஎஸ்டி மூடியிருந்தால் 00 போட்டு ஒரு வெளிநாட்டு எண்ணை அழையுங்கள், போகக் கூடாது. பிறகு ஆபீஸில் இருப்பவரிடம் உங்கள் சாவியை நீக்கச் சொல்லுங்கள். அடுத்த அழைப்பு போகவில்லை என்றால், மறுபடி சாவியைச் சேர்க்கச் சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டு வாருங்கள்.